பழைய சிறிய ஜெட் படகுக்கு எஞ்சின் தேர்ந்தெடுப்பது: முழுமையான வழிகாட்டி

நியூசிலாந்தின் கேன்டர்பரி பக்கம் பழைய ஜெட் படகு வாங்குவது கடினமில்லை. நான்கு மீட்டர் சொச்சம் நீளம், ஃபைபர் அல்லது அலுமினிய உடல், பின்னால் ஒரு ஹாமில்டன் ஜெட் யூனிட் (நீரை அடியிலிருந்து உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சிப் படகைத் தள்ளும் பம்ப்), நடுவில் ஓடாத எஞ்சின். விலை குறைவாக இருப்பதற்குக் காரணமே அந்த எஞ்சின்தான். வாங்கிய அன்றிரவே எல்லோரும் வேறு எஞ்சின் தேட உட்கார்ந்துவிடுகிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

கிரைஸ்ட்சர்ச்சில் என் இரண்டு படகுகளுக்கு எஞ்சின் மாற்றியிருக்கிறேன். நண்பர்கள் நாலைந்து பேர் மாற்றியபோது கூட நின்றிருக்கிறேன். ஏறக்குறைய எல்லோரும் தடுக்கிய இடம் ஒன்றே: எஞ்சினை முதலில் வாங்கிவிட்டு, ஜெட் யூனிட்டைப் பிறகு பார்த்தார்கள். ஜெட் படகில் பெரும்பாலும் கியர் பாக்ஸ் கிடையாது. எஞ்சின் எவ்வளவு சுற்றுகிறதோ அவ்வளவே இம்பெல்லரும், அதாவது ஜெட் யூனிட்டுக்குள் நீரைத் தள்ளும் இலைச் சக்கரமும், சுற்றும். ஆகவே எந்த எஞ்சின் பொருந்தும் என்பதைச் சொல்ல வேண்டியது ஜெட் யூனிட். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போனால் பணமும் ஒரு கோடைகாலமும் மிச்சமாகும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அளவு நாடா, சிறு இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ், சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ், ஒளியால் சுற்று எண்ணும் கையடக்க டாக்கோமீட்டர், ஒரு நோட்டு. பழைய படகின் டாஷ்போர்டில் உள்ள டாக்கோமீட்டரை நம்ப வேண்டாம். நான் பார்த்தவற்றில் ஒன்று நிமிடத்துக்கு 400 சுற்று கூட்டிக் காட்டியது (இனி வரும் சுற்று எண்களெல்லாம் நிமிடக் கணக்கே). நம் கணக்கு முழுவதும் சுற்று எண்ணிக்கையில் நிற்பதால் அந்தப் பிழை எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

1. ஜெட் யூனிட்டின் எண்ணைப் படியுங்கள்

யூனிட்டின் மேல் தகடு இருக்கும், அல்லது வார்ப்பிலேயே எண் இருக்கும். பெயிண்ட், துரு, கிரீஸ் எல்லாம் சுரண்டிப் பாருங்கள். ஹாமில்டனின் பழைய 750, 770, 1030 வரிசைகளில் கடைசி இலக்கம் எத்தனை அடுக்கு, அதாவது ஒன்றன்பின் ஒன்றாக எத்தனை இம்பெல்லர், என்பதைச் சொல்லும். 751 ஒற்றை அடுக்கு, 752 இரண்டு, 753 மூன்று. 773-ம் மூன்றடுக்குதான். ஆனால் 212-க்கு இந்த விதி பொருந்தாது. அது 2-ல் முடிந்தாலும் ஒற்றை அடுக்கு யூனிட். இதில் ஏமாந்தவர்கள் நிறைய.

அடுக்கு கூடக்கூட நீரின் அழுத்தம் கூடும், அதே சுற்றில் எஞ்சினிடம் கேட்கும் சக்தியும் கூடும். கூழாங்கல் சிக்க இடமும் கூடும். ஒற்றை அடுக்கு யூனிட் அதிக நீரைக் குறைந்த அழுத்தத்தில் தள்ளும். ஆள் ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு அது இதமானது.

எண்ணோடு இம்பெல்லரின் அடையாளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே யூனிட்டுக்குப் பல இம்பெல்லர்கள் உண்டு. முந்தைய சொந்தக்காரர் எதைப் போட்டிருக்கிறார் என்பது வெளியிலிருந்து தெரியாது, கழற்றித்தான் பார்க்க வேண்டும். இந்த இரண்டும் கிடைத்தால் அந்த யூனிட்டின் சக்தி வளைகோட்டையும் (எந்தச் சுற்றில் எவ்வளவு சக்தி கேட்கும் என்ற கோடு), அது தாங்கும் உச்ச சக்தியையும் தயாரிப்பாளரிடமோ அனுபவமுள்ள ஜெட் மெக்கானிக்கிடமோ கேட்டு வாங்கலாம். ஹாமில்டன் ஜெட் கிரைஸ்ட்சர்ச்சிலேயே இருக்கிறது.

படகில் இருப்பது மெர்குரி ஸ்போர்ட் ஜெட் போல எஞ்சினும் ஜெட்டும் ஒன்றாகவே செய்யப்பட்ட வகை என்றால் இந்த வழிகாட்டி உங்களுக்கு அதிகம் உதவாது. அதில் அதே எஞ்சினைத் திரும்பக் கட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

2. ஜெட்டின் தேய்மானத்தை முதலில் சரிசெய்யுங்கள்

இம்பெல்லரைச் சுற்றி வேர் ரிங் என்ற வளையம் இருக்கும். மணலும் சரளையும் போய்ப் போய் இம்பெல்லர் நுனிக்கும் வளையத்துக்கும் நடுவில் இடைவெளி பெரிதாகும். ஃபீலர் கேஜை நான்கு இடங்களில் விட்டு அளந்து, உங்கள் யூனிட்டின் கையேட்டு அளவோடு ஒப்பிடுங்கள்.

இதை ஏன் எஞ்சினுக்கு முன் செய்யச் சொல்கிறேன்? தேய்ந்த ஜெட்டில் நீர் பின்னோக்கி வழுகும். எஞ்சின் சுற்று எகிறும், படகு நகராது. பழைய எஞ்சின் 4,600 சுற்று போனது என்று விற்றவர் சொல்வார். அது எஞ்சினின் வலிமையாக இருக்காது, ஜெட்டின் ஓட்டையாக இருக்கும். அந்த எண்ணை நம்பிப் புது எஞ்சின் எடுத்து, பிறகு வேர் ரிங் மாற்றினால் சுற்று 4,000-க்கு இறங்கிவிடும். அப்புறம் எஞ்சினில் கோளாறு என்று தேடிக்கொண்டிருப்போம்.

இம்பெல்லர் இலைகளின் முனை மழுங்கியிருக்கிறதா, நீர் உள்ளே வரும் கிரில்லின் கம்பி வளைந்திருக்கிறதா, தண்டின் பேரிங்கில் ஆட்டம் உண்டா என்பதையும் இப்போதே பாருங்கள்.

3. சக்திக் கணக்கு: இதைத் தவிர்க்க முடியாது

ஜெட் கேட்கும் சக்தி சுற்றின் மும்மடி விகிதத்தில் ஏறும். சுற்று கொஞ்சம் கூடினாலும் பசி வெகுவாகக் கூடும். கணக்கு எளிதாக இருக்க, 3,500 சுற்றில் 100 குதிரைத்திறன் கேட்கும் யூனிட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 4,000-ல் அது 149 கேட்கும், 4,500-ல் 213, 5,000-ல் 292.

எஞ்சினுக்கும் அதே சுற்றுகளில் எவ்வளவு சக்தி என்று எழுதுங்கள். விளம்பரத்தில் உள்ள உச்ச எண் போதாது. எஞ்சினின் டார்க் (முறுக்குவிசை) வளைகோட்டைப் பார்த்து, நியூட்டன் மீட்டரைச் சுற்றால் பெருக்கி 7,121-ஆல் வகுத்தால் அந்தச் சுற்றில் உள்ள குதிரைத்திறன் வரும். ஜெட்டின் கோடும் எஞ்சினின் கோடும் எங்கே வெட்டுகின்றனவோ அங்கேதான் முழு திராட்டிலில் எஞ்சின் நிற்கும்.

முதல் எஞ்சின், சாதாரணமான ஒரு பெரிய வி6. 4,000-ல் 155, 4,500-ல் 165. மேலே சொன்ன ஜெட்டோடு அது 4,050-ஐ ஒட்டி நிற்கும், 155 குதிரைத்திறனும் தண்ணீருக்குப் போகும். இரண்டாவது எஞ்சின், 7,000 சுற்றில் 200 குதிரைத்திறன் தரும் 2 லிட்டர் ஜப்பானிய எஞ்சின். 4,000-ல் அதனிடம் 110-தான் உண்டு. அது 3,450-லேயே முட்டிக்கொண்டு நிற்கும். வேலை செய்வது 95 குதிரைத்திறன் மட்டுமே. மீதி நூறுக்கும் அதிகமானது 7,000 சுற்றில் காத்திருக்கிறது, அங்கே நாம் போகவே மாட்டோம்.

நண்பர் ஒருவர் ஏறக்குறைய இந்த இரண்டாவது எஞ்சினைத்தான் வாங்கிப் பொருத்தினார். தனியாக ஓட்டினால் படகு எழுந்து நீரின் மேல் வழுக்கி ஓடியது. மனைவியும் பிள்ளையும் ஏறியதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை உழுதது, எழவே இல்லை. சுமையைக் குறைத்தால் சுற்று ஏறும் என்று நினைத்தார். புரொப்பெல்லர் படகில் அது ஓரளவு உண்மை. ஜெட்டில் அப்படி இல்லை. படகில் ஒருவர் இருந்தாலும் நால்வர் இருந்தாலும் முழு திராட்டில் சுற்று ஏறக்குறைய மாறாது.

இப்படிப்பட்ட எஞ்சின் ஏற்கெனவே கையில் இருந்தால் ஒரு வழி உண்டு: குறைவான சக்தி கேட்கும் இம்பெல்லருக்கு மாறுவது. செலவு பிடிக்கும், ஆனால் எஞ்சினை மாற்றுவதைவிடக் குறைவு.

எதிர்ப்பக்கத் தவறும் அதே அளவு நடக்கிறது. சக்தியை இரண்டு மடங்காக்கினாலும் சுற்று 26 சதவீதம்தான் கூடும். பழைய சிறிய யூனிட்டில் பெரிய வி8-ஐ மாட்டினால், படகு நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது நீர் போதுமான வேகத்தில் உள்ளே வராது. இம்பெல்லரைச் சுற்றி நீராவிக் குமிழி உண்டாகி, உறுமல் மட்டும் கேட்கும். தண்டும் பேரிங்கும் அதற்காகச் செய்யப்பட்டவையும் அல்ல. யூனிட்டின் உச்ச எல்லையைத் தாண்டாதீர்கள்.

இன்னொன்று: காரில் எஞ்சினுக்கு இறக்கம் வரும், சிக்னல் வரும், ஓய்வு வரும். படகில் இறக்கமே கிடையாது, நாள் முழுக்க மேடு ஏறுவது போலத்தான். அதனால் இரண்டு கோடுகளும் வெட்டும் இடம் எஞ்சினின் உச்ச சக்திச் சுற்றுக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி தேர்ந்தெடுங்கள். சாதாரண ஓட்டத்துக்கு அதிலிருந்து மேலும் 500, 600 சுற்று குறைத்து ஓட்ட முடிந்தால் எஞ்சின் நீண்ட நாள் இருக்கும்.

4. எடையும் இடமும்

ராக்காயா, வைமாகரிரி போன்ற, பல கிளைகளாகப் பிரிந்து சேரும் பின்னல் ஆறுகளில் தண்ணீர் கணுக்கால் அளவு இருக்கும் இடங்கள் ஏராளம். படகு எழுந்து ஓடும்போது அதைத் தாண்டிவிடும். வேகம் குறைந்து உட்கார்ந்தால் சரளையில் மாட்டும். அங்கிருந்து திரும்ப எழ வைப்பதில் ஒவ்வொரு கிலோவுக்கும் பங்கு உண்டு.

இரும்பு பிளாக் (எஞ்சினின் உடல் வார்ப்பு) உள்ள செவ்ரலே 350 வி8 எஞ்சின் சுமார் 260 கிலோ. அலுமினிய ரோவர் 3.5 லிட்டர் வி8 170 கிலோவை ஒட்டி வரும். வித்தியாசம் ஒரு வளர்ந்த ஆளுக்குச் சமம். அதுவும் படகின் பின்பகுதியில், எப்போதும் இறங்காத ஆள்.

எஞ்சின் அறையின் அகலம், உயரம், நீளம் மூன்றையும் அளந்து, அட்டைப் பெட்டியில் அதே அளவு மாதிரி செய்து உள்ளே வைத்துப் பாருங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களின் புகையைத் திரட்டும் குழாய்த் தொகுதி) இரு பக்கமும் இடம் சேர்க்க மறக்காதீர்கள். ஆயில் ஃபில்டரைக் கழற்றக் கை போகுமா என்பதும் முக்கியம்.

5. எந்த எஞ்சின்களைப் பார்க்கலாம்

என் முதல் தேர்வு ஹோல்டன் கமோடோர் காரில் வந்த 3.8 லிட்டர் வி6. கட்டை, குட்டை, குறைந்த சுற்றிலேயே நல்ல டார்க். எளிய மின்னமைப்பு, பாகம் எங்கும் கிடைக்கும். பழைய மூன்றடுக்கு யூனிட்டுகளுக்கும் நடுத்தர ஒற்றை அடுக்குக்கும் பல படகுகளில் நன்றாகப் பொருந்தியதைப் பார்த்திருக்கிறேன்.

டொயோட்டாவின் 4 லிட்டர் அலுமினிய வி8, அதாவது 1யூஇசட், வலுவானது, லேசானது. ஆனால் சக்தியின் பெரும்பகுதி மேல் சுற்றில் இருக்கிறது, சிலிண்டர் தலைகள் அகலம். உங்கள் யூனிட் 4,500-க்கு மேல் சுழலும் இம்பெல்லர் கொண்டது என்றால் மட்டும் பாருங்கள். ரோவர் வி8 லேசு, அளவான சக்தி, ஆனால் வயதாகிவிட்டது. வாங்குமுன் உள்ளே பார்த்தே ஆக வேண்டும்.

பழைய ஹோல்டன் 186, 202 ஆறு சிலிண்டர் எஞ்சின்கள் ஏற்கெனவே நிறைய படகுகளில் இருக்கின்றன. உங்கள் படகில் அதுவே இருந்து, பிளாக் நன்றாக இருந்தால், திரும்பக் கட்டுவதை முதலில் யோசியுங்கள். எஞ்சினைத் தாங்கும் மவுண்ட், ஜெட் தண்டோடு இணைக்கும் கப்ளிங், மேனிஃபோல்டு எல்லாம் பொருந்தியே இருக்கும். என் முதல் படகில் எஞ்சினுக்குக் கொடுத்ததைவிட இவற்றுக்குக் கொடுத்ததுதான் அதிகம்.

சுபாருவின் படுக்கை எஞ்சின் (சிலிண்டர்கள் இரு பக்கமும் படுத்திருக்கும் வகை) தாழ்வாக உட்காரும், லேசு. ஆனால் எக்ஸாஸ்ட் துளைகள் அடியில் இருக்கின்றன. நீர் கலந்த எக்ஸாஸ்டை அங்கிருந்து மேலே ஏற்றிப் பிறகு வெளியே விட வேண்டும். அதைச் சரியாகச் செய்யாவிட்டால் எஞ்சின் நின்றதும் தண்ணீர் சிலிண்டருக்குள் திரும்பும். முதல் முயற்சிக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

எல்எஸ்1 போன்ற 5.7 லிட்டர் வி8 பெரிய புதிய யூனிட்டுகளுக்கானது. சிறிய பழைய படகுக்கு வேண்டாம்.

6. வாங்குமுன் எஞ்சினைச் சோதிப்பது

முடிந்தால் காரிலேயே ஓடும் நிலையில் வாங்குங்கள். வயரிங், இ.சி.யு. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), சாவி, சென்சார்கள் எல்லாம் சேர்ந்து வரும். இமொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் ஓடவிடாத பூட்டு) உள்ள எஞ்சினைத் தனியாக வாங்கி, அதை உயிர்ப்பிக்க அலைந்தவர்கள் உண்டு.

எல்லா சிலிண்டர்களின் கம்ப்ரஷனையும் அளந்து எழுதுங்கள். மிக அதிகமான அளவுக்கும் மிகக் குறைந்த அளவுக்கும் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. ஆயில் மூடியின் அடியில் பால் காபி நிறத்தில் குழம்பு இருந்தால் ஹெட் காஸ்கெட்டை சந்தேகியுங்கள்.

ஏற்கெனவே படகில் இருந்த எஞ்சின் என்றால் பிளாக்கின் வெளிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். கேன்டர்பரி குளிர்காலத்தில் வடிக்காமல் விட்ட தண்ணீர் உறைந்து பிளாக்கைப் பிளக்கும். புதிதாகக் கட்டியது என்று சொல்லி எனக்கு விற்கப்பட்ட ஒரு எஞ்சினில், புதுப் பெயிண்டுக்கு அடியில் ஒரு விரல் நீளத்துக்குத் துருக்கோடு இருந்தது. தண்ணீர் ஓடவிட்ட பிறகுதான் கண்ணில் பட்டது. புதுப் பெயிண்ட் அடித்த பிளாக்கை அன்றிலிருந்து நான் சுரண்டிப் பார்க்காமல் வாங்குவதில்லை.

7. குளிர்விப்பு

ஜெட் யூனிட்டிலேயே அழுத்த நீர் எடுக்கும் வாய் இருக்கிறது, தனி பம்ப் வேண்டாம். ஆனால் அந்த நீரை நேரே பிளாக்குக்குள் விடலாமா என்பது எஞ்சினையும் ஆற்றையும் பொறுத்தது.

ராக்காயா போன்ற ஆறுகளில் பனிப்பாறை அரைத்த மாவு போன்ற வண்டல் வரும். அது பிளாக்கின் அடியில் படிந்து இறுகும். கடலிலோ முகத்துவாரத்திலோ ஓட்டுவதானால் உப்பு அலுமினியத்தைத் தின்னும். அதனால் அலுமினிய எஞ்சினுக்கு ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைத்த மூடிய சுற்றையே பரிந்துரைக்கிறேன். பிளாக்குக்குள் காரில் உள்ளது போல் கூலன்ட், வெளியே ஆற்று நீர்.

இரும்பு எஞ்சினில் நேரடி நீர் போதும் என்றால், வழியில் மணல் பிடிக்கும் குடுவை வையுங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடாதீர்கள். பனி உருகிய நீரில் எஞ்சின் சூடே ஏறாமல் ஓடினால் ஆயிலில் பெட்ரோலும் ஈரமும் சேர்ந்து பேரிங் கெடும்.

8. எக்ஸாஸ்ட்

காரின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை மூடிய எஞ்சின் அறையில் வைக்கவே கூடாது. அது சிவக்கச் சூடாகும், பக்கத்தில் பெட்ரோல் குழாய் இருக்கும். சுற்றிலும் நீர் ஓடும் மேனிஃபோல்டு தேவை. உங்கள் எஞ்சினுக்கு அது சந்தையில் கிடைக்கிறதா என்று எஞ்சின் வாங்குமுன் விசாரியுங்கள். பலரின் திட்டம் கராஜில் தூங்குவது இந்த ஒரு பாகத்தால்தான். எக்ஸாஸ்டை மேலே ஏற்றி வளைக்கும் குழாயான ரைசரின் உச்சி, படகு நிற்கும்போது உள்ள நீர்மட்டத்துக்கு நன்றாக மேலே இருக்க வேண்டும்.

9. பெட்ரோலும் பொறியும்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. காரில் கீழே விழுந்து கலைந்துவிடும், படகில் பில்ஜில், அதாவது உடலின் அடிக்குழியில், தேங்கும். காரின் ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் வெளியே பொறி விடக்கூடியவை. இந்த மூன்றும் மரைன் வகையாக, அதாவது பொறி வெளியே வராதபடி படகுக்கென்றே செய்தவையாக, இருக்க வேண்டும். கார்புரேட்டர் என்றால் அதுவும் மரைன் வகை, மேலே தீச்சுடரை வெளியே விடாத ஃபிளேம் அரெஸ்டர். கார் கார்புரேட்டர் நிரம்பினால் வெளியே வழியும், மரைன் கார்புரேட்டர் தன் தொண்டைக்குள்ளேயே விடும்.

பில்ஜின் ஆவியை வெளியேற்றும் விசிறியான பில்ஜ் புளோயர் வைத்து, ஸ்டார்ட் செய்யுமுன் நான்கு நிமிடமாவது ஓடவிட்டு, மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் வேறு எங்காவது குறையுங்கள், இங்கே வேண்டாம்.

10. சம்ப், கப்ளிங், சுழலும் திசை

ஜெட் படகு நின்ற இடத்தில் திரும்பும். அந்தத் திருப்பத்தில் ஆயில் முழுக்க ஒரு பக்கம் ஒதுங்கி, பிக்கப் குழாய் காற்றை உறிஞ்சும். எஞ்சினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்புக்குள் தடுப்புத் தகடுகள் போடுங்கள். ஆயில் அழுத்தம் விழுந்தால் அலறும் பஸரும் வையுங்கள், ஆற்றில் ஓட்டுபவர் கண் மீட்டரில் இருக்காது.

ஆட்டோமேட்டிக் காரிலிருந்து வந்த எஞ்சினில் ஃப்ளைவீல் இருக்காது, மெல்லிய தகடுதான் இருக்கும். கப்ளிங்குக்கு ஏற்ற ஃப்ளைவீலைத் தேட வேண்டும். எஞ்சினையும் ஜெட்டையும் இணைப்பது யு-ஜாயின்ட் (வளைந்து கொடுக்கும் மூட்டு) உள்ள தண்டு என்றால் இரு முனைகளிலும் கோணம் சமமாகவும் சிறிதாகவும் இருக்கட்டும். தண்டைச் சுற்றி இரும்பு வளையக் காப்பு கட்டாயம். அது அறுந்தால் படகின் அடியையும் பக்கத்தில் இருப்பவர் காலையும் பதம் பார்க்கும்.

பெரும்பாலான கார் எஞ்சின்கள் புல்லி பக்கமிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுற்றும். பழைய ஹோண்டா நான்கு சிலிண்டர்கள் எதிர்த்திசை. இம்பெல்லர் எந்தத் திசைக்கு வார்க்கப்பட்டது என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுங்கள்.

11. முதல் ஓட்டம்

டிரெய்லரில் வைத்து நீண்ட நேரம் ஓடவிடாதீர்கள். கிளட்ச் இல்லாததால் ஜெட் தண்டும் சேர்ந்து சுற்றும். நீரால் மசகிடப்படும் ரப்பர் பேரிங் காய்ந்து தேயும். எஞ்சின் பிடிக்கிறதா என்று குழாய்த் தண்ணீர் கொடுத்துச் சில விநாடிகள் பார்த்தால் போதும்.

ஆழமான, கல் இல்லாத இடத்துக்குப் போங்கள். நியூசிலாந்தில் கரையிலிருந்து 200 மீட்டருக்குள் 5 நாட் (மணிக்கு சுமார் 9 கி.மீ.) வேகம்தான் பொது விதி. ஆறுகளில் அது தளர்த்தப்பட்ட பகுதிகள் எவை என்று பிராந்தியக் கவுன்சிலின் விதிகளில் பார்த்துவிட்டு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். துடுப்பும் கயிறும் இன்னொரு படகும் கூட இருக்கட்டும்.

முதல் பத்து நிமிடம் மெதுவாக, மூடியைத் திறந்து வைத்துக் கசிவு பாருங்கள். பிறகு முழு திராட்டில் சில விநாடிகள் கொடுத்து, கையடக்க டாக்கோமீட்டரில் சுற்றை எழுதுங்கள். அது 3-ம் படியில் நீங்கள் போட்ட எண்ணுக்கு 150 சுற்றுக்குள் வந்தால் எல்லாம் சரி. குறைவாக வந்தால் எஞ்சினின் டைமிங், எரிபொருள், காற்று வழி பாருங்கள். அதிகமாக வந்து படகு இழுக்கவில்லை என்றால் எஞ்சினைத் தொடாதீர்கள். கரைக்கு வந்து கிரில்லில் களையோ இம்பெல்லரில் கல்லோ மாட்டியிருக்கிறதா பாருங்கள், உள்ளே எங்காவது காற்று புகுகிறதா என்றும் பாருங்கள்.

கரையேறியதும் எல்லா மவுண்ட் போல்ட்டையும் கப்ளிங் போல்ட்டையும் மறுபடி முறுக்குங்கள். மணல் குடுவையைக் காலி செய்யுங்கள். பிளாக்கிலும் மேனிஃபோல்டிலும் உள்ள ஆற்று நீரை வடித்துவிடுங்கள். வடிகால் திருகைத் திறந்தும் தண்ணீர் வரவில்லை என்றால், துளையை வண்டல் அடைத்திருக்கிறது. ஒரு கம்பியை விட்டுக் குத்தித் திறந்து, முழுக்க வடிந்த பிறகு மூடுங்கள்.